அந்தப் படத்தில் நீ சிரிக்கவில்லை

போன கிழமை ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் தமிழ்க் கடையில், கருவாட்டுப் பைகளுக்கும் முறுக்குப் பைகளுக்கும் நடுவில் உன்னைக் கண்டேன். காசு கட்டும் மேசையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம். முகப்பில் நீ. செத்து ஒன்பது மாதமான உன்னைப் பளபளக்கும் தாளில் அச்சடித்து, தலைக்கு மேலே மஞ்சள் எழுத்தில் "கோட்டை, காடு, பழங்குடி நடனம்: கொண்டாட வாருங்கள்!" என்று போட்டிருந்தார்கள்.

கருவாட்டு மணம் எனக்குப் பழகிப்போனது. நாறினது அந்தத் தாள்தான். கடைப் பெண் எட்டிப் பார்த்து, "அன்ரி, இது உங்கடை சிநேகிதி எல்லோ? என்ன வடிவாச் சிரிக்கிறா!" என்றாள். நான் கட்டோடு தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். களவுதான். நீயென்றால் கடையிலேயே கிழித்துப் போட்டிருப்பாய்.

அந்தப் படம் எடுத்த பயணம், முதியோர் இல்லச் சமையலறையில் இருந்து நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற வருடம் போனது. ஒஸ்லோவுக்குப் பக்கத்துத் திராமனில் இருக்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இந்தியாவுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறார் என்று கேள்விப்பட்டு, நீதான் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாய். "கோயில் குளம் வேண்டாமடி, ஆரும் போகாத இடமாப் பாப்பம்" என்றாய். அப்படித்தான் சந்திரபூருக்குப் போனோம். மராட்டிய மாநிலம் தெலுங்கானாவைத் தொடுகிற எல்லை மாவட்டம், கோண்டு அரசர்கள் ஆண்ட மண். பேருந்தில் யாழ்ப்பாண, மன்னார் ஆட்கள் இடப்பக்கம், தமிழ்நாட்டார் வலப்பக்கம். அவர்கள் எங்கள் தமிழைக் கேட்டு "க்யூட்டா இருக்கு" என்பார்கள். நீ பல்லைக் கடிப்பாய்.

கோட்டை வாசல் நினைவிருக்கிறதா? யானையை அடக்கி நிற்கிற சிங்கத்தைக் கல்லில் அவ்வளவு கம்பீரமாகச் செதுக்கியிருந்தார்கள். அதன் காலடியில் வெற்றிலைத் துப்பல், காதலர்களின் பெயர்கள், மூத்திர நாற்றம். எங்கள் குழுவில் ஒருவர் தண்ணீர்ப் போத்தலைக் குடித்து முடித்து அந்தச் சிங்கத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தார். ஒஸ்லோவில் அதே மனிதர் வெறும் போத்தல்களைப் பையில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்குகிறவர். "ஏனண்ணை, இஞ்சை காசு தாறேல்லை எண்டோ?" என்று நீ கேட்டாய். அவர் அசடு வழிந்தார், போத்தலை எடுக்கவில்லை. கடைசியில் நீதான் எடுத்தாய்.

அடுத்த நாள் காடு. ஒரு பெண்புலி தண்ணீர்க் குட்டையில் பின்பக்கத்தை நனைத்தபடி சும்மா படுத்திருந்தது. சுற்றிவர ஜீப்புகள், டீசல் புகை, கைபேசி பிடித்த கைகள். அது எழும்பிக் காட்டுக்குள் போகப் பார்த்தபோது ஒரு ஜீப் முன்னுக்குப் போய் வழியை மறித்தது. புலி நின்று எங்களைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. எங்களை அருவருத்தது என்றுதான் எனக்குப் பட்டது. நீ தொப்பியை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுத் திரும்பும்வரை எதையும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் விடுதிக்கு வந்து இறங்கியபோது, பின்பக்கம் ஜெனரேட்டர் கொட்டகை நிழலில் கோண்டுப் பெண்கள் சிலர் குந்தியிருந்தார்கள். ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை. இவர்கள் யார் என்று நீ கேட்க, ஏற்பாட்டாளரான கோயம்புத்தூர்க்காரர், "ஈவினிங் டான்ஸ் ப்ரோகிராம் இருக்குக்கா, அவங்கதான்" என்றார். சாப்பிட்டார்களா என்று கேட்டாய். "ப்ரோகிராம் முடிஞ்சதும் குடுப்பாங்க. முதல்லயே குடுத்தா மந்தமா ஆடுவாங்கன்னு மேனேஜர் சொல்றார்" என்றார், பஸ் நேரம் சொல்வது போல. உன் முகம் கறுத்தது எனக்குத் தெரிந்தது.

பொழுது சாய நீச்சல் குளத்துக்கரையில் மேசை போட்டார்கள். கோழி, மீன், மூன்று வகைப் பாயசம். அந்தப் பெண்கள் ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்து, பாடிப்பாடி அசைந்து ஆடினார்கள். எங்கள் ஆட்கள் எலும்பைக் கடித்துக்கொண்டே படம் பிடித்தார்கள். "ஸ்பீடு, ஸ்பீடு!" என்று ஒருவர் கத்தினார். நீ கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நேரே அவர்களிடம் போனாய். இரண்டு கையையும் உயர்த்தி, "நிப்பாட்டுங்கோ! முதல் வந்து சாப்பிடுங்கோ!" என்று எங்கள் தமிழில் கோண்டுப் பெண்களுக்குச் சொன்னாய். வரிசையின் கடைசியில் நின்றவளுக்கு என்ன விளங்கும்? ஆட வந்திருக்கிறாய் என்று நினைத்து உன் இடுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நீ கையை ஆட்ட ஆட்ட, கத்தக் கத்த, கூட்டம் விசிலடித்தது. உன்னை இழுத்தெடுக்க நான் ஓடிவந்தேன். எனக்கும் கைதட்டினார்கள்.

அந்த நேரத்தில் எடுத்த படம்தான் அது. பல்லெல்லாம் தெரிய வாய் திறந்திருக்கிறாய், கண்ணில் நீர் மினுங்குகிறது. தெரியாதவர்கள் ஆனந்தம் என்பார்கள்.

ஆட்டம் முடிந்து, மேசையில் மிஞ்சியதைத்தான் கொட்டகைப் பக்கம் கொண்டுபோனார்கள். நீ அங்கே போய் அவர்களோடு நிலத்தில் இருந்தாய். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய், அதன் தாய் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. என்னைப் பார்த்து, "எங்களுக்கும் மிச்ச வாஃபிள்தானேடி தந்தவங்கள்" என்றாய்.

அந்த வாஃபிளை நான் மறப்பேனா? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடகோடி அகதி முகாமில் எங்களை வைத்திருந்தபோது, நகரசபை ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று சேலை உடுத்தி ஆடச் சொன்னார்கள். மன்னார் மாதா கோயில் பாடற்குழுவில் பாடினவள் நீ. நான் கணக்குப் படித்தவள். இரண்டு பேருக்கும் ஆடத் தெரியாது. கையைத் தட்டிச் சும்மா சுற்றிச் சுற்றி வந்தோம். அவர்கள் கோப்பி குடித்து, வாஃபிள் அப்பம் தின்று, எங்கள் பண்பாடு எவ்வளவு அழகு என்று கண்ணைத் துடைத்தார்கள். அன்றைக்கு நீ சிரித்துக்கொண்டே ஆடினாய். இப்போது நினைத்தால் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்க முடியவில்லை.

துண்டுப்பிரசுரத்தைக் கண்ட அன்றே ஏற்பாட்டாளருக்குப் போன் அடித்தேன். "அக்கா, அவங்க பையன்கிட்ட கேட்டுட்டுதான் போட்டேன்" என்றார். உடனே உன் மகனுக்கு எடுத்தேன். "அம்மா இப்பிடிச் சிரிச்ச படம் எங்களிட்டை வேறை இல்லை அன்ரி. அதுதான் ஓம் எண்டனான். வீட்டிலையும் பெருசாக்கி மாட்டியிருக்கிறன்" என்றான். சொல்லாமல் விட்டிருக்கலாம். பிள்ளைக்கு இருக்கிற ஒரே சிரிப்பு. ஆனால் நீ சிரிக்கவில்லை என்பது தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். சொல்லிவிட்டேன்.

"அப்ப அம்மா சிரிக்கேல்லையோ?" என்றான்.

"இல்லையடா. ஏசினவ. நல்லா ஏசினவ."

அவன் சிரித்தான், பிறகு அழுதான். "அதுதான் அம்மா" என்றான். வீட்டுப் படத்தைக் கழற்ற மாட்டானாம், இப்போது இன்னும் பிடித்திருக்கிறதாம். துண்டுப்பிரசுரத்தில் இருந்து எடுக்கச் சொல்லித் தானே கதைக்கிறேன் என்றான்.

கதைத்தும் விட்டான். இன்றைக்குப் புதுத் தாள் வந்துவிட்டது. உன்னை நேர்த்தியாக வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அதே மஞ்சள் எழுத்து, அதே கொண்டாட்டம். நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். உன்னைக் காப்பாற்றிவிட்டேனாம்! "என்னை எடுத்து என்னடி செய்யிறது?" என்று நீ கத்துவது என் காதில் கேட்டது.

சனிக்கிழமை ஹவுகன்ஸ்டுவா மண்டபத்தில் அதே ஏற்பாட்டாளரின் பயண விளக்கக் கூட்டமாம். தேநீரும் வடையும் உண்டாம். நான் போகிறேன். ஊருக்கு முன்னால் வாய் திறப்பவள் நீ, உன் பின்னால் நின்று சேலைத் தலைப்பை இழுப்பவள் நான் என்றுதான் இத்தனை காலமும் இருந்தோம். இனி இழுக்க ஆளில்லை, எனக்கு முன்னால் நிற்கவும் ஆளில்லை. வடைத் தட்டு சுற்றி வரும்போது எழும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்போகிறேன், உன் சத்தத்தில்:

"அந்தப் பொம்பிளையள் எப்ப சாப்பிடுவினம்?"