வெள்ளிக்கிழமை அவன் பேசும்போது

பசறை.

அன்பு மகள் கலாராணிக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நீ அங்கே நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியலெட்சுமியின் போனில் நீ பேசும்போதெல்லாம் சொல்ல வருவேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அங்கே உன்னோடு வேலை செய்கிற ரிஸ்கா லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாள், அதனால் அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

தம்பி விஜேந்திரன் கெம்பஸில் இல்லை மகளே. தைப்பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. நீ அனுப்பிய போனோடு பகல் முழுக்கக் கம்பளிக்குள் கிடக்கிறான். கூடப் படிக்கிற பிள்ளைகள் போடுகிற படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பான், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். எல்லாரும் எங்கேயோ போயிட்டாங்கம்மா, நான் மட்டுந்தான் நிக்கிறேன் என்று ஒருநாள் சொன்னான். சாப்பிட வாடா என்றேன். உன் அப்பா பொறுக்கமாட்டாமல் போனைப் பிடுங்கி ஒளித்துவைத்தார். அவன் சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, பயந்துபோய் நானே எடுத்துக் கொடுத்தேன். பதுளை ஆஸ்பத்திரி டாக்டரம்மா, இது காய்ச்சல் மாதிரி மனசுக்கு வந்த வருத்தம், போன் மேலேயே பழியப் போடாதீங்க, விடாமக் கூட்டிட்டு வாங்க என்றார். இவன் மறுபடி வரமாட்டேன் என்கிறான். வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு என்று வீடியோவில் கூப்பிட்டு, ஹொஸ்டல்ல இருக்கேன் அக்கா என்கிறானே, அவன் பின்னால் தெரிவது நம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராச் சுவர். நான் கொழுந்து பறிக்கப் போகும்போது உங்கள் இரண்டு பேரையும் தொட்டிலில் விட்டுப்போன அதே இடம். அங்கேதான் வீடியோவுக்குச் சிக்னல் கிடைக்கும். அன்றைக்கு மட்டும் குளித்து, தலை சீவி, கெம்பஸ் பெயர் போட்ட டீசேர்ட்டை மாட்டிக்கொண்டு போகிறான். லெக்சர், எக்ஸாம் என்று அவன் அளக்கிறான், நீ கேலி பண்ணுகிறாய், அவன் சிரிக்கிறான். கூடையோடு மறைவில் நின்று கேட்டேன். வாரம் முழுக்க எங்களுக்கு அந்த ஒரு சிரிப்புத்தான்.

அதனால் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. வழக்கம்போல, படிப்பு எப்படிடா போகுது என்று கேள். தப்பு என்று தெரிகிறது, இது எங்கே கொண்டுபோய் விடுமோ என்றும் பயமாக இருக்கிறது, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆத்தா உன்னையாவது கைவிடாமல் இருக்கட்டும். அழுவதை வியாழக்கிழமைக்குள் அழுது முடித்துவிடு மகளே, கண் வீங்கியிருந்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான்.

உன் அம்மா
ஜெயலெட்சுமி