வாட்டாமல் நறுக்கிய புல்

முருகன் துணை
தெரணியகலை

அன்பு மகள் துஷ்யந்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், குவைத்தில் நீயும் அப்படியே இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை, மனசு கொதிக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் மெதுவா பேசுங்க, லயத்து வீடு அத்தனைக்கும் கேக்குது என்று அம்மா தடுக்கிறாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பெரிய பங்களாவை ஹோட்டலாக்கி, வருகிறவர்கள் ஏறிச் சுற்ற நாலு குதிரை கொண்டு வந்ததும், அதுகளுக்குத் தீனி நறுக்கும் வேலையை எனக்குத் தந்ததும் உனக்குத் தெரியும். இந்த மழை ஊரில் புல்லை வெயிலில் காயப்போட முடியுமா? முப்பது வருசம் தேயிலை பெக்டரி மாடியில் கொழுந்து வாட்டியவன் நான். மூடிக்கிடந்த அந்த மாடியைக் கேட்டு வாங்கி, கினிப்புல்லைத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, புரட்டிப் புரட்டி, கையில் நொறுங்கும் வரை காயவைத்துத்தான் மெஷினில் கொடுத்து விரல் நீளத்துக்கு நறுக்குவேன். கொஞ்சம் வைக்கோலும் நறுக்கிச் சேர்ப்பேன். ஒரு வருசமாக ஒரு குதிரைக்கும் ஒரு நோய் வருத்தம் வந்ததில்லை.

போன மாசம் வந்த புது மனேஜருக்கு இது பிடிக்கவில்லை. வேறொரு தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவராம், கொழுந்து நிறுப்பது மாதிரி தீனியையும் அந்திக்குத் தராசில் போடச் சொன்னார். காய்ந்த புல் நிறை நிற்குமா? நூறு கிலோ வெட்டினால் முப்பது தேறாது. பாதி நாள் தூங்குறியா என்று எல்லார் முன்னாலும் கேட்டார், அவருக்கு உன்னைவிட இரண்டு வயசு கூட இருக்குமா? பச்சையாகவே நறுக்கிச் சாக்கில் கட்டு என்றார். தொரை, ஈரத்தோட கட்டுனா உள்ள சூடாகிப் புளிச்சிரும், குதிரைக்கு வாந்தி எடுக்கக்கூட முடியாதுங்க என்று தன்மையாகத்தான் சொன்னேன். கேட்டால்தானே! என்னைப் பங்களாத் தோட்டம் கூட்ட அனுப்பிவிட்டு, அங்கே கூட்டிக்கொண்டிருந்த அழகமுத்துவை மெஷினில் நிறுத்தினார். அவன் மழையில் நனைந்த புல்லை நறுக்கிப் பத்துச் சாக்கு திணித்தான். தராசு இறங்கியது, மனேஜருக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் நாள் சாக்கைத் தொட்டால் சோற்றுப்பானை மாதிரி சுட்டது. போடாதீங்க என்று கத்தினேன், அதையேதான் போட்டார்கள். மத்தியானம் செவலைப் பெண் குதிரை விழுந்து புரண்டது. வயிறு உப்பி, வேர்த்துக் கொட்டி, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. சகிக்க முடியவில்லை மகள். மிருக வைத்தியர் வந்து மூக்கில் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார், அந்தி வரை நான்தான் பிடித்து நடக்கவைத்தேன். நல்லகாலம், பிழைத்துக்கொண்டது.

மறுநாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். எல்லாம் சிங்களம். நடந்ததைத்தான் எழுதியிருக்கோம், கையெழுத்து வை என்றார். தோட்டத்துக்காரனுக்குச் சிங்களம் பேசத்தான் வரும், வாசிக்க வராது என்ற நினைப்பு. நின்ற இடத்திலேயே வாசித்தேன். வேலை மாற்றிய கோபத்தில் இராமையா கெட்ட புல்லைக் குதிரைக்கு வைத்தான், குற்றத்தை ஒப்புக்கொள்கிறான் என்று இருக்கிறது! நானா? பக்கத்தில் நின்ற அழகமுத்து மெல்ல வெளியே நழுவினான், அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. தாளை மேசையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் வைக்காவிட்டால் வேலை இல்லையாம்.

வச்சிட்டுப் பேசாம இருங்க என்கிறாள் அம்மா. நீயும் அதையே சொல்வாய், சொல்லாதே. வாசிக்காமல் நான் கையெழுத்து வைத்தது ஒரே ஒரு தாளில்தான், உன்னை அனுப்ப ஏஜென்சிக்காரன் நீட்டிய இங்கிலீஷ் தாளில். இரண்டு வருசம் என்று வாயால் சொன்னான். இது நாலாவது வருசம். அந்தக் கோபத்தை நான் யார் மேல் காட்டுவது, சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே. உன் பாஸ்போர்ட்டை நீ வேலை செய்கிற வீட்டுக்கார அம்மாவிடம் மறுபடி கேள், விளங்காத தாள் எதை நீட்டினாலும் வைக்காதே. முருகன் உன்னைச் சீக்கிரம் எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துத்தான் கீழே பெயரைப் போடுகிறேன்.

உன் அப்பா,
இராமையா