படகுப்பாயில் என் தையல்

12 மே 1979, சனி

இன்று பல் டாக்டர் டொமினிக்கும் அவர் மனைவி ஐவியும் கடைக்கு வந்தார்கள். லோரிகளை மூடும் கென்வாஸ் தைக்கத்தான் என்னிடம் ஆட்கள் வருவார்கள். இவர்கள் கொண்டுவந்தது ஒரு படகின் பாய். கடலோரம் லுமுட்டில் சின்னப் பாய்மரப் படகு வைத்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோரமாக ஓட்டிப் போவார்களாம். பாயின் மேல்பக்கம் கை நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

“சிங்கப்பூருக்கு அனுப்புனா ரெண்டு மாசம் ஆகும்லா. ஒங்களால முடியுமாக்கா?” என்றார் ஐவி.

முடியும் என்றேன். லோரி கென்வாஸ் தைத்த கைக்கு இது பெரிய வேலையா?

18 மே, வெள்ளி

தைத்து முடித்தேன். இரண்டு வரிசை, நெருக்கமாக. பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

2 ஜூன், சனி

பாயை வாங்க வந்த டாக்டர் தையலைத் தடவித் தடவிப் பார்த்தார். “காத்துல தாங்குமா வீரம்மா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. “நானே படகுல வாரேன் டாக்டர். தாங்குதா இல்லையான்னு சேர்ந்தே பாப்போம்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கடல் இல்லாத இந்தச் சிலிபினில் வாழ்க்கைப்பட்டவள். நீச்சல் தெரியாது. கடலைப் பார்த்ததே இரண்டு தடவை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ஒனக்கென்ன கீலாவா, பைத்தியமா? ஒரு தையலுக்காக யாராச்சும் கடலுக்குப் போவாங்களா?”

“நான் போறேன்.”

வாயால் சொல்லிவிட்டேன், போகத்தான் வேண்டும். ஊசி, மெழுகு நூல், ஊசியைத் தள்ள உள்ளங்கையில் மாட்டும் தோல் எல்லாம் கென்வாஸ் பையில் எடுத்து வைத்தாயிற்று.

3 ஜூன், ஞாயிறு

உயிரோடு வந்துவிட்டேன். கை வீங்கியிருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

4 ஜூன், திங்கள்

நேற்று காலை ஏழு மணிக்கு லுமுட்டிலிருந்து கிளம்பினோம். டாக்டர் சுக்கானைப் பிடித்தார், கயிறெல்லாம் ஐவி கையில். எனக்கு மிதவைச் சட்டை மாட்டி நடுவில் உட்காரவைத்தார்கள். பங்கோர் தீவைச் சுற்றி வருவதாகத் திட்டம். முதல் இரண்டு மணி நேரம் என்ன அழகு! பாய் உப்பி நின்றது. என் தையல் வெயிலில் கோடு போட்டது மாதிரித் தெரிந்தது. பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

தீவின் மேற்குப் பக்கம் போனபோது வானம் கறுத்தது. காற்று ஒரே அடியாக அடித்தது. ‘டர்’ரென்று சத்தம். அண்ணாந்து பார்க்கிறேன் — என் தையல்!

பாயை இறக்கினார்கள். முன்பக்கத்துச் சின்னப் பாயை மட்டும் வைத்துக் காற்றை எதிர்த்துப் போக முடியாதாம். மோட்டாரைப் போட்டார் டாக்டர், அலையில் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டது. காற்று எங்களைத் தீவுப் பாறைகள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது.

கிழிசலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நூல் அறவில்லை. நெருக்க நெருக்கமாக நான் போட்ட ஊசித் துளை வழியே, தபால்தலையைப் பிய்த்த மாதிரி துணி விட்டிருந்தது. கெட்டி என்று நினைத்து நானே கிழித்து வைத்திருக்கிறேன். சொல்லாமல் இருக்கலாமா? எப்படி இருப்பது?

“டாக்டர், இது என் தப்பு.”

“அத அப்புறம் பேசலாங்க்கா” என்றார் ஐவி. “இப்போ தைக்க முடியுமா, அத சொல்லுங்க.”

கென்வாஸ் பையை வெட்டி ஒட்டாக வைத்தேன். ஐவி மடியில் துணியை இறுக்கிப் பிடித்தார். இந்தத் தடவை அகலமாக, சாய்த்துச் சாய்த்துத் தைத்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் ஊசி இரண்டு தடவை கையில் ஏறியது. பக்கவாட்டில் குனிந்து வாந்தி எடுத்தேன், வாயைத் துடைத்தேன், மறுபடி தைத்தேன். பாறையைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கை நின்றுவிடும். அலை பாறையில் மோதும் சத்தம் மட்டும் கிட்டக் கிட்ட வந்தது.

“ஏத்துங்க!” என்று கத்தினேன்.

பாய் ஏறியது. உப்பியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையை விட்டு விலகியது. தாங்கியது!

திரும்பும் வழியெல்லாம் அண்ணாந்தே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் புரிந்தது. லோரி கென்வாஸ் கட்டின இடத்தில் கிடக்கும். பாயைக் காற்று மூலைக்கு மூலை முறுக்கி இழுக்கிறது. கடை மேசையில் வைத்து இழுத்துப் பார்த்தால் அது எப்படித் தெரியும்?

5 ஜூன், செவ்வாய்

வீட்டுக்காரர் கையைப் பார்த்தார், தைலம் தேய்த்துவிட்டார். “இனிமே போவாதே” என்று சொல்வார் என்று காத்திருந்தேன். “அந்தப் பாய என்ன பண்ணப் போறே?” என்றுதான் கேட்டார்.

முழுக்கப் பிரித்துப் புதிதாகத் தைக்கப் போகிறேன் என்றேன்.

9 ஜூலை, திங்கள்

சாய்த்துத் தைக்கும் மெஷின் வந்துவிட்டது. பழைய துணியில் நாற்பது தடவை தைத்துக் கிழித்துப் பார்த்தேன். நாளையும் கிழிப்பேன்.

24 பிப்ரவரி 1980, ஞாயிறு

பினாங்கிலிருந்து ஒரு சீனர் கடையைத் தேடி வந்தார். டாக்டர் டொமினிக் படகில் நான் புதிதாகத் தைத்த பாயைப் பார்த்தாராம், தன் படகுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டுமாம். அளவு எழுதிய தாளை நீட்டினார். என் அரைகுறை மலாயில் சொன்னேன், தாள் போதாது, முதலில் உங்கள் படகில் ஒரு நாள் வந்து காற்றைப் பார்க்கவேண்டும் என்று. மனிதர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை என்றதும் தேதி கேட்டார்.

சனிக்கிழமை கடைக்கு லீவு, பினாங்குக்குப் போகிறேன்.