அடிக்குறிப்பில் உன் அச்சகம்

நேற்றுத் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. பிரித்ததும் புது மையின் வாசனை. உன் அச்சகத்துக்குள் நுழைந்ததுபோல இருந்தது, மச்சான். நீ போய்ச் சேர்ந்துவிட்டது அந்த வாசனைக்குத் தெரியவில்லை.

எழுதியவர், என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய அதே பேராசிரியர். வெள்ளம் கொண்டுபோன தோட்டத்துப் பாலத்தை அப்பாவும் லயத்து வரிசைவீடுகளில் இருந்த தொழிலாளர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல் சுமந்து திரும்பக் கட்டினார்கள் என்று எழுதியிருந்தேன். “வாய்மொழி மட்டுமே. அச்சுச் சான்று இல்லை” என்று முடித்துவிட்டார். தோட்ட நிர்வாகம் கட்டியதாக நிர்வாகமே அச்சிட்ட நினைவு மலர் மட்டும் அவருக்குச் சான்று. கல் சுமந்த மனிதர் லயத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் வந்து கேட்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அன்றே பஸ் ஏறி ருவான்வெல்லையில் உன் அச்சகத்துக்கு வந்து உன்னிடம் கத்தினேன். நீ எங்கள் கோயில் திருவிழா நோட்டீஸை அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாய்.

“அந்தாளுக்கு என்னதான் வேணுமாம்?”

“அச்சுல இருக்கணுமாம்.”

“அப்ப நான் இங்க என்ன, இட்லியா அவிக்கிறேன்?”

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாய்: “மச்சான், அது உண்மதானே?”

“வந்து அப்பாவோட தோளப் பாரு.”

“போதும்.”

நோட்டீஸில் ஒரு வரி கூடியது: நம் தோட்டத்து மக்கள் கல் சுமந்து கட்டிய பாலம் வழியாகத் தேர் பவனி வரும். திருவிழாவன்று மைக்கில் அதை வாசித்தார்கள். அப்பா ஒரு வேலையும் இல்லாமல் பாலத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார்.

“மாமா, பாலம் தேயப் போவுது” என்றாய்.

“தேஞ்சா திரும்பக் கட்டுவோம்டா.”

இப்போது இந்தப் புத்தகத்தில் பேராசிரியர், பாலத்தைக் கட்டியவர்கள் தொழிலாளர்களே என்கிறார், தாமே கண்டுபிடித்ததுபோல. என் பெயர் எங்கும் இல்லை. அடிக்குறிப்பில் நம் நோட்டீஸ் இருக்கிறது. உன் மகள் பெயரிலான அச்சகம், ருவான்வெல்லை. அப்பா சொன்னால் பேச்சு, நீ அடித்தால் சான்று. கோபப்படத்தான் உட்கார்ந்தேன். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். “இது நம்ம பய அடிச்சதுல்ல?” என்றார். சந்தோஷத்தில் இரண்டாவது தேத்தண்ணீர் கேட்டார்.

பேராசிரியர்மேல் உள்ள கோபம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒரு பிள்ளை “எங்க தாத்தா சொன்னாரு, சேர்” என்று எழுந்தால், எந்தப் புத்தகத்தில் என்று கேட்க என் வாயும் திறக்கிறது. அதற்குள் உன் கேள்வி முந்திக்கொள்கிறது. அது உண்மைதானா என்று கேட்கிறேன். பிறகு, தாத்தா எப்போது வீட்டில் இருப்பார் என்று கேட்கிறேன்.