கோபமான கஸ்டமர்

தன் அக்கா வீட்டில் இருப்பவளுக்கு,

நீ போய்ப் பதினெட்டு நாளாகிறது. இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நான்தான்.

எங்கள் துணிக்கடையில் மேலாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். புகாரைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்பது பாடம். பதினாறு வருடம் இந்த வேலை பார்த்தவனுக்கு இப்போதுதான் கற்றுத் தருகிறார்கள்.

நேற்று நடிக்கச் சொன்னார்கள். "நீங்கதான் கோபமான கஸ்டமர். ஆரம்பிங்க சார்" என்றார் பயிற்சி கொடுத்த அம்மா.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. நீ போன அன்று என்னிடம் சொன்னதுதான் வாயில் வந்தது. "எத்தனை தடவை சொல்றது? ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கீங்களா? சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு."

எல்லாரும் கைதட்டினார்கள். "பிரமாதம் சார்! எந்தப் பொருளைப் பத்தின புகார் இது?" என்றார் அந்த அம்மா.

தலையணை உறை என்றேன்.

புகாரை முழுதும் கேட்கும்வரை மேலாளர் விளக்கம் சொல்லக் கூடாதாம். அதனால் நானும் இதில் விளக்கம் எதுவும் எழுதவில்லை. கடையில் கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டேன். முதலாளி மிரண்டுபோய், "யாராவது செத்துட்டாங்களாய்யா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே வருவேன். எவ்வளவு நேரமானாலும் நீ பேசு. கதவை மட்டும் அக்காவைத் திறக்கச் சொல்.

இன்னமும்,
உன் வீட்டுக்காரன்