கோடு சேராத பெட்டி

மார்ச் 4, திங்கள்

முதியோர் வகுப்பில் எனக்குச் செய்தது அநியாயம். கட்டுரையை முழுதாய் எழுதிக் கொடுத்தும், அதற்கு முன்னால் போட வேண்டிய திட்டத்துக்குப் பூஜ்யம். அதில் தேறாவிட்டால் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுத முடியாதாம். அறுபத்தாறு வயதில் எனக்கு இது தேவையா?

யோசனைகளைக் கம்ப்யூட்டரில் பெட்டி பெட்டியாகப் போட்டு, கோடு இழுத்துச் சேர்த்து, பிறகுதான் எழுத வேண்டுமாம். நான் துணியில் கோடு போடாமலே சட்டை வெட்டுகிறவள். ஆறாவதோடு நின்று, மிச்சத்தைச் செய்தித்தாள் பார்த்துத் தானாகக் கற்றவள். கட்டுரையை முடித்துவிட்டு அதிலிருந்து பன்னிரண்டு பெட்டிகள் கிள்ளிப் போட்டேன். பாழாய்ப்போன கம்ப்யூட்டர் நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறது.

"பன்னிரண்டையும் நாலே நிமிஷத்துல போட்டிருக்கீங்கம்மா" என்றாள் டீச்சர். என் மகளைவிடச் சின்னவள்.

மார்ச் 5

போகவில்லை.

மார்ச் 7

வீட்டுக்காரர் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நீ வரலேன்னா உன் பேர்ல நான் போய் உக்காந்துக்கறேன். புடவைதான் கட்டத் தெரியாது." சிரித்துத் தொலைத்தேன். போனேன்.

மார்ச் 11

தலைப்பு, 'நான் ஏன் படிப்பை நிறுத்தினேன்'. ஐம்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லி வருவதையே முன்பு எழுதியிருந்தேன்: தங்கை படிக்கட்டும் என்று அப்பா என்னை நிறுத்திவிட்டார். இன்று ஒவ்வொன்றாகப் போட்டேன். அப்பா. தையல் மிஷின். தங்கையின் புதுப் பை. 'அப்பா'விலிருந்து 'நிறுத்தினார்' பெட்டிக்குக் கோடு இழுத்தேன். கோட்டைப் பார்த்ததும் மனசில் ஒரு கேள்வி வந்து நின்றது: அவர் என்ன சொன்னார்?

என்ன சொன்னார் — ஒண்ணும் சொல்லலியே. ரெண்டு பேருக்கும்தானே பை வாங்கிட்டு வந்தார்? கணக்குல தோத்த வெக்கத்துல நான்தானே போகமாட்டேன்னேன்? "நாளைக்காவது போ கண்ணு"ன்னு ஒரு வாரம் கெஞ்சினாரே.

கோட்டை அழித்தேன். அப்பா தனிப் பெட்டியாக நின்றார். டீச்சர் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.

மார்ச் 12

"உன் படிப்பை நான் தின்னுட்டேன்க்கா." பார்க்கும்போதெல்லாம் தங்கை சொல்வாள். ஒரு தடவைகூட நான் இல்லையென்று சொன்னதில்லை.

மார்ச் 18

பெட்டிகள் போட ஏழு நாள். தேறிவிட்டேன்.

இனி ஆக வேண்டியவை:

டீச்சர் அந்தப் பழைய பூஜ்யத்தை அழிக்க வேண்டும். அது இன்னும் அநியாயம்தான்.

வீட்டுக்காரர் தங்கைக்குப் போன் போட்டுத் தர வேண்டும். நம்பர் மனப்பாடம், விரல்தான் போகவில்லை.

நான் புதுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து அவளுக்கு வாசிக்க வேண்டும்.

அவள், அப்பா பை வாங்கி வரும் இடத்தில், "விடுக்கா" என்று சொல்லாமல் கேட்க வேண்டும்.