சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கடைசி டிஸ்கெட்

என் செல்ல மாப்பிள்ளை சேகருக்கு,

அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறதா? இருந்தால் இந்நேரம் எமனுடைய பெயர்ப் பட்டியலைப் பிரித்து மேய்ந்திருப்பாய். உன் பெயரை இத்தனை சீக்கிரம் அதில் ஏற்றியவன் யாரென்று கேட்டாயா?

மளிகைக் கடைகளுக்கு நீ எழுதிய சரக்குப் புரோகிராமை, பிரிக்பீல்ட்ஸ் மாடியறையில் என் தங்கை கோமதிதான் இப்போது பார்த்துக்கொள்கிறாள். மூன்றாம் வகுப்போடு நின்ற நான், வழக்கம்போல மோட்டார் சைக்கிளில் டிஸ்கெட் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பச்சை ஸ்டிக்கர் எல்லாக் கடைக்கும். சிவப்பு, இன்னும் சோதனையில் இருப்பது. கிள்ளான் பக்கத்து மேருவில் மணியம் அண்ணன் கடைக்கு மட்டும். நிறம் தெரிந்தால் போதும் என்று எனக்காகவே நீ செய்த ஏற்பாடு.

அதையும் கெடுத்தேனே! போன வருட ஆயுத பூசையன்று பெட்டியில் இருந்த எல்லா டிஸ்கெட்டுக்கும் பொட்டு வைத்தேன். பச்சை தீர்ந்ததும் சிவப்பைக் கிள்ளானில் பார்வதி அக்கா கடைக்குக் கொடுத்துவிட்டேன். "பூசை போட்டது லா, ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் வேறு. இரண்டே நாளில் அக்கா போன் போட்டார்.

"ஏன் செல்லையா, உங்க டிஸ்கெட்டு விரதம் முடிச்சிருச்சா? என் தீபாவளி ஆர்டரெல்லாம் முழுங்கிருச்சே!"

நீ பச்சையோடு ஓடினாய். பழையதை ஏற்றிவிட்டு, அக்கா சொல்லச் சொல்லப் பகல் முழுக்க ஆர்டர்களைத் தட்டினாய். என்னைத் திட்டவில்லை.

"மச்சான், புதுசுங்கிறது வேற, சரியானதுங்கிறது வேற. பொட்டு நீங்க வைங்க. பச்சைய நான் ஒட்டுறேன்."

இனி யார் ஒட்டுவது, மாப்பிள்ளை? நீ கடைசியாகச் செய்த டிஸ்கெட்டில் சிவப்புதானே இருக்கிறது.

போன வாரம் அதே அக்கா கண் கலங்கி நின்றார். "தம்பி கடைசியா செஞ்சது லா. எனக்கும் ஒண்ணு குடு." என் கை பைக்குள் போய்விட்டது. இன்னொரு முறை அவர் ஆர்டர் அழிந்தால், இந்தத் தடவை கெடுவது உன் பெயரல்லவா? "கோமதி பாக்கட்டும்கா" என்று வெறுங்கையை எடுத்தேன்.

மணியம் அண்ணன் கடையில் சோதித்தபோது அதில் ஒரு கோளாறு அகப்பட்டது. நீ போனபிறகு கோமதி முதல்முறையாகச் சிரித்தாள். "அவரு தப்ப நான் புடிச்சிட்டேண்ணே! நானே சரி பண்ணிருவேன்."

இன்று ஆயுத பூசை. கீபோர்டுக்கும் மோட்டாருக்கும் உன் படத்துக்கும் பொட்டு வைத்தேன். அந்தச் சிவப்பு டிஸ்கெட்டைத் தொடவில்லை.

கோமதி பச்சை ஒட்டுகிற அன்று, முதலாவதை அக்காவிடம் நானே கொண்டுபோவேன். அதுவரை யார் அழுதாலும், நானே அழுதாலும், கொடுக்க மாட்டேன்.

ஒரு தரமாவது உன் பேச்சைக் கேட்ட மச்சான்,
செல்லையா